காட்டுக்கு எழுதிய வீட்டு ஒப்பந்தம்

வாய்ப்பேச்சாகவே நடந்துவந்த எங்கள் பரளச்சி ஊர் மிளகாய்க் காட்டுக் குத்தகையை எழுத்தில் போட வேண்டும் என்று, கல்லூரி முடித்து வந்த அன்றே எனக்குத் தோன்றிவிட்டது. இணையத்தில் கிடைத்த வாடகை ஒப்பந்தத்தில் ‘வீடு’ என்று வந்த இடமெல்லாம் ‘காடு’ என்று மாற்றினேன். குத்தகைக்காரர் முருகேசு அண்ணன் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஒப்பந்தத்தில் இருந்த பதினொரு மாதம் முடிய ஒரு நாள் இருந்தது. மாசியில் தாளோடு வந்தார்.

“மக படிச்சுச் சொன்னா தம்பி. நாளைக்குக் காட்டை வெள்ளையடிச்சு ஒப்படைக்கணுமாம்ல? எங்கிட்டுய்யா அடிக்க?”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“மொளகா இன்னும் ரெண்டு பறிப்பு கெடக்கு. அப்படியே விட்டுட்டுப் போகவா?”

செடியில் சிவந்து நின்றது அவருடைய உழைப்பு. அதைப் பிடுங்கிக்கொள்ளும் உரிமையை எனக்கே எழுதி வைத்திருக்கிறேன்!

“பறிச்சு முடிங்கண்ணே” என்றேன்.

அடுத்த ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி இருக்காது. ‘கடைசிப் பறிப்புக்கு மறுநாள்’ என்றுதான் எழுதப்போகிறேன், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து.