பல் டாக்டரின் பாட்டுக் கேசட்

எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளான் நகரில் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய டாக்டர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆள் நாற்காலியில் சாய்ந்ததும் ஓர் ஆங்கில நகைச்சுவை மேடை நாடகத்தின் கேசட்டைப் போடுவார். ஜாஸ் இசை துள்ளும். அதில் பாட்டுகள் மட்டும்தான். இடையில் வரும் கதையை டாக்டரே சொல்லுவார்.

"இப்ப பாடுறது கல்யாணப் பொண்ணு. மாப்பிள்ள கிளப்புல டிரம்பெட் ஊதுறவன். பொண்ணோட அப்பா துப்பாக்கியோட வராரு. வாயத் திறங்க."

அப்பா சுடுவாரோ என்று நான் பதறிக்கொண்டிருந்தபோதே பல் வெளியே வந்துவிட்டது.

வாயில் பஞ்சோடு, "அப்புறம்?" என்றேன்.

"அவருக்கும் டிரம்பெட் புடிச்சிருச்சு லா. கல்யாணம் முடிஞ்சது."

அடுத்த மாதம் என் மனைவி பல் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அதே கேசட்தான். ஆனால் அவள் கேட்ட கதையில் அந்தப் பெண் பேங்க்கைக் கொள்ளையடித்து, கப்பலேறி, மூன்று பேரை ஏமாற்றியிருந்தாள். எது சரி என்று வீட்டில் ஒரே சண்டை. நேரில் போய்க் கேட்டேன்.

"நான் எங்க அந்த நாடகத்தப் பாத்தேன்?" என்றார் டாக்டர், முகம் மாறாமல். "அவங்க பல்லுக்கு வேர் ரொம்ப ஆழம். சின்னக் கதை பத்தாது லா."

என் பல்லுக்கும் வேர் இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.