உச்சியில் ஏழு நிறம்

வெர்னன் பெல்லாரைப் பதினேழு வருடமாகத் தெரியும். ஒரு தொழில்முறை அமெரிக்க ஃபுட்பால் அணிக்காகக் கல்லூரி கல்லூரியாகக் கார் ஓட்டிப் போய், யாரை எடுக்கலாம், யார் வேண்டாம் என்று எழுதி அனுப்புகிறவர். பெட்ரோல் பங்க்கில் பூதின் தொத்திறைச்சி வாங்கித் தின்று, வருடத்தில் பாதி நாள் மோட்டலில் கிடப்பார். அவரை மாதிரி வருகிற மற்றவர்கள் பையன்களின் ஓட்டத்தையும் எடையையும் பார்ப்பார்கள். இவர் நேராக என் அறைக்கு வந்து ஹெல்மெட்டைக் கேட்பார். எங்கள் கல்லூரி அணியின் சாமான்களுக்கு நான்தான் பொறுப்பு.

காரணம் உண்டு. ஒருமுறை ஒரு லைன்பேக்கரைப் பற்றி ‘பயமே அறியாதவன்’ என்று எழுதினார். லைன்பேக்கர் என்றால் பந்தோடு ஓடி வருகிறவனை எதிரே போய் மோதிச் சாய்க்கிறவன். அணி அவனை எடுத்தது. மூன்றாவது ஆட்டத்தில் தலையைக் குனிந்து மோதினான், கழுத்து முறிந்தது. இன்றுவரை லேக் சார்ல்ஸ் ஊரில் படுத்த படுக்கை. அதிலிருந்து ஹெல்மெட்டைப் பார்க்காமல் வெர்னன் பேனாவை எடுப்பதில்லை.

மோதும்போது எதிராளி ஹெல்மெட்டின் நிறம் நம் ஹெல்மெட்டில் ஒட்டிக்கொள்ளும். நெற்றிப் பக்கம் ஒட்டினால் தலை நிமிர்ந்து மோதுகிறான் என்று அர்த்தம். உச்சியில் ஒட்டினால் குனிந்து மோதுகிறான். எங்கே இருந்தாலும் சரி, லைன்பேக்கர்களுக்கு அது பதக்கம். துணியோடு கிட்டே போனாலே முறைப்பார்கள்.

அப்படிப்பட்ட லைன்பேக்கர்களில் ஒருவனான எங்கள் டான்ட்ரெல், ஒரு திங்கட்கிழமை தானாகவே ஹெல்மெட்டை நீட்டினான்.

“மிஸ்டர் அல்சிட், இதைத் தொடச்சுக் குடுங்க.”

“சீசன் முழுக்கத் தொடவே விடலையேப்பா.”

“நாளைக்கு மிஸ்டர் வெர்னன் வர்றாராம்.”

உச்சியில் ஏழு நிறம் அப்பியிருந்தது. பள்ளிச் சமையலறையில் நின்றே கால் வீங்கிப்போன அவன் அம்மா இனெஸ் நினைவுக்கு வந்தாள். புத்தி கெட்டுத் துடைத்தேன்.

மறுநாள் வெர்னன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பளபளன்னு இருக்கே. பாத்திரம் தேய்க்கிற வேலைக்குப் போயிட்டியா?”

“போட்டோ எடுக்கறாங்க.”

“கறை எங்க இருந்துச்சு, அல்சிட்?”

நெற்றிப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

அன்று மாலைப் பயிற்சியில் டான்ட்ரெல் காளை மாதிரி குனிந்து போய் மோதினான். மோதிய வேகத்தில் அவனும் விழுந்தான், எழவில்லை. ஐந்தாறு விநாடி கழித்து இடது கையை உதறிக்கொண்டு எழுந்தான். எல்லாரும் கைதட்டினார்கள். நான் வெர்னனிடம் ஓடினேன்.

“உச்சியிலதான் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்.”

“தெரியும். தொடைக்க விட்ட லைன்பேக்கரை நான் பாத்ததே இல்ல.”

‘வேண்டாம்’ என்று எழுதினார். ஆனால் அந்த எழுத்து அவர் அணியைத் தாண்டிப் போகாது. ஓர் அணிக்கு எழுதியதை இன்னொன்றிடம் சொன்னால் வேலை போய்விடும். ஏப்ரலில் வேறோர் அணி டான்ட்ரெலை எடுத்தது. இனெஸ் தெருவுக்கே கம்போக் குழம்பு காய்ச்சி ஊற்றினாள். அவனைத் தனியாக இழுத்துப் போனேன்.

“தலையை நிமித்தி மோதுடா.”

“நிமித்தினா அரை செகண்ட் லேட்டாகுது, மிஸ்டர் அல்சிட். லேட்டானா வேற ஆளைப் போட்டுக்குவாங்க.”

பயந்தேன், அவ்வளவுதான். இன்றும் பயப்படுகிறேன்.

இப்போது ஞாயிறு தோறும் டான்ட்ரெல் ஆடும்போது நான் டிவி முன்னால், வெர்னன் போனில். அவருக்குப் பார்க்கத் தைரியம் இல்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் “எழுந்துட்டான்” என்று சொல்வேன், அவர் மூச்சு விடுவார். போன வாரம் நாலாவது மோதலுக்குப் பிறகு டான்ட்ரெல் எழவில்லை.

“அல்சிட்?”

“டாக்டர் ஓடறாரு.”

“அல்சிட், பேசு.”

“காலை மடக்கறான். முட்டி போட்டுட்டான்.”

“முட்டி போட்டதெல்லாம் வேணாம். எழுந்தப்புறம் சொல்லு.”