செருப்பைக் கழற்றிவிட்டுப் பறந்த மதினி

டெல்லி துவாரகாவிலிருந்து மதினியின் பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தபோது நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கோமதி மதினி தூக்கத்திலேயே போய்விட்டாளாம். அடுப்பை அணைத்தேன். சற்று நேரத்தில் திருநெல்வேலியிலிருந்து பெரிய அண்ணன் கூப்பிட்டார். உடலை ஊருக்கே கொண்டுவந்துவிடலாம், நீ என்ன சொல்கிறாய் என்றார்.

இன்று அவளை வழியனுப்ப வந்திருக்கும், டெல்லியில் அவளோடு பழகிய உங்களுக்கு இது தெரிந்திருக்காது. தொண்ணூறுகளின் கடைசியில், என் சின்ன அண்ணன் இறந்து வருடம் திரும்பியதும், அவன் மனைவியைக் கையோடு கூட்டிவரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். தனியாக ஒரு பொம்பளை அங்கே என்ன செய்வாள் என்பது அம்மாவின் கேள்வி. மதினிக்கு மத்திய அரசில் தட்டச்சர் வேலை, ஆர்.கே.புரத்தில் அவள் பெயரிலேயே குவார்ட்டர்ஸ். அதையெல்லாம் அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

போய்ப் பார்த்தால், மதினி ஆபீஸையும் மலை மந்திர் முருகன் கோயிலையும் விட்டால் வேறெங்கும் போவதில்லை. முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த குவார்ட்டர்ஸ் பெண்ணிடம் சைக்கிளைக் கேட்டு வாங்கி, மதினியை வெளியே இழுத்துப் போனேன். இருவருக்கும் ஓட்டத் தெரியாது. நான் பிடிக்க, அவள் மிதிக்க, இருவருமாக வேலிச் செடியில் போய் விழுந்தோம். காய்கறி வண்டிக்காரர் ஓடிவந்து சைக்கிளைத் தூக்கினார். மதினி எழுந்திருக்காமலே சிரித்தாள். அந்தச் சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. நானும் அழுதேன்.

அடுத்த ஞாயிறு கிளைடர் பார்க்கப் போகலாம் என்று அவளே சொன்னாள். சின்ன அண்ணன் விமானப் படையில் விமானங்களைப் பழுது பார்த்தவன். ஒருநாள் உன்னை மேலே கூட்டிப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே போய்ச்சேர்ந்தான், பாவி.

இன்ஜின் இல்லாத அந்தச் சின்ன விமானத்தில் ஓட்டுபவரைத் தவிர ஒருவருக்குத்தான் இடம். முதலில் நான் போனேன். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டதால் ஒன்றையும் பார்க்கவில்லை. அடுத்து மதினி. ஏறுவதற்கு முன், கோயில் வாசலில் விடுவதுபோலச் செருப்பைப் புல்லில் கழற்றிவிட்டாள். ஓட்டுபவர் ஹிந்தியில் என்னமோ சொன்னதையும் கேட்கவில்லை. வடம் இழுக்க, மேலே போய்விட்டாள். இறங்கியதோ திடலின் மறுகோடியில். கொதிக்கிற தரையில் கால் பொசுங்கப் பொசுங்க வந்தவளிடம் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"மேல சத்தமே இல்ல செல்வி. நம்ம கோயில் தெரியுது, குவார்ட்டர்ஸ் தெரியுது" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, அதே குரலில் சொன்னாள்: "நான் ஊருக்கு வரல. அவுக இல்லாத வீடுதான். ஆனாலும் அது என் வீடு. அத்தைகிட்ட பக்குவமா சொல்லிரு."

நான் தனியாகத் திரும்பினேன். அம்மா எத்தனையோ நாள் என்னோடு பேசவில்லை. மதினி இருந்தாள், வேலை பார்த்தாள், ஓய்வுபெற்றதும் துவாரகாவில் ஃபிளாட் வாங்கினாள், மார்க்கெட்டுக்குச் சைக்கிளிலேயே போய்வந்தாள்.

அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது, யாரையும் நோகடிக்காமல் வரவில்லை என்று சொன்ன அந்தக் குரல்தான். பெரிய அண்ணனுக்கும் அந்தக் குரலிலேயே பதில் சொன்னேன்.

"மதினி வர மாட்டாங்கண்ணே. நாமதான் போகணும்."