சித்தேரியில் கரி பூசிய சுவர்

காலை ஆறு மணிக்குச் சேலத்தில் ரயிலேறினேன். மடியில் பெட்டிக் காமிரா. யுத்தக் காலத்தில் ஃபிலிம் கிடைப்பதே அரிது. கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டேன். எங்கள் சினிமாக் கம்பெனியில் நான் ஆர்ட் டைரக்டருக்கு உதவியாள். நாடகத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்தவன். "அசல் மலைக் குடிசை ஒன்றைப் படம் பிடித்து வா. நன்றாயிருந்தால் அந்த செட்டை நீயே போடு" என்று ஆர்ட் டைரக்டர் சொல்லியிருந்தார். எனக்கே எனக்காக ஒரு செட்! கால் தரையில் பாவவில்லை.

மொரப்பூரில் இறங்கினேன். அரூருக்கு எட்டு மைல். பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவில் ஓடும் பஸ், கட்டணம் மூன்றணா. மேட்டில் வண்டி திணறியதும், என் வேலையை விசாரித்து வைத்திருந்த டிரைவர் திரும்பினார்.

"சினிமாக்காரரே, எறங்கித் தள்ளுங்க. ராசா வேசம் கட்டுறவரா இருந்தா வுட்டுருவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். தள்ளினேன்.

அரூரில் வெள்ளையன் காத்திருந்தார். சித்தேரி மலையில் சாமை பயிரிடுகிறவர். போன வாரம் சேலம் சந்தைக்குப் புளி கொண்டுவந்தபோது பழக்கம். புகையேறிய சுவர், பழங்கூரை என்று அவர் சொன்னதைக் கேட்டதுமே, உங்கள் வீடு சினிமாவில் வரப்போகிறது என்று சொல்லிவைத்திருந்தேன்.

அடிவாரம் வரை மாட்டுவண்டி, பிறகு நடை. மூன்று மணிக்கு வீட்டின் முன் நின்றோம்.

கூரையில் புதுப்புல் மின்னியது. சுவரெல்லாம் ஈரம் காயாத செம்மண் மெழுகு, அதன்மேல் சுண்ணாம்புக் கோலம். வாசலில் வெள்ளையனின் மனைவி சின்னப்பொண்ணு, கல்யாணக் கூறைச் சேலையில்.

"ஐயையோ, எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே!" என்று கத்திவிட்டேன்.

"என்னாங்க கெட்டுச்சு?" என்றார் வெள்ளையன்.

கதைப்படி ஏழை வீடு, பழசாகத்தான் இருக்க வேண்டும் என்று விளக்கி, சுவரில் பூசக் கொஞ்சம் கரி கேட்டேன். வெள்ளையன் மனைவியைப் பார்த்தார். விருந்தாளி கேட்டதை மறுக்கத் தெரியாமல், கரிச்சட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சுவரில் பூச ஆரம்பித்தேன். திரைச்சீலைக்காரன் அல்லவா, கை வேகமாக ஓடியது.

வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "ஏன்டி சின்னப்பொண்ணு, இடுப்பொடிய மெழுகுனியே! பட்டணத்துச் சாமி அதுக்குத் திருஷ்டி கழிக்கிறாரு பாரு!"

சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை. நானோ அதோடு நிற்காமல், "நீங்களும் ஒரு கிழிஞ்ச சேலை கட்டிக்கிட்டு வாசல்ல நில்லுங்களேன்" என்றேன்.

"வூடு ஒங்களுக்குப் புடிச்சாப்ல ஆயிருச்சில்ல? அத எடுத்துக்கங்க. நா நிக்கலீங்க." உள்ளே போய்விட்டார்.

காமிராவின் பொத்தானை அழுத்தினேன், 'டக்' என்றது. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் என் கைகளைப் பார்த்தேன். முழங்கை வரை கரி. வெள்ளையன் தண்ணீர் ஊற்றினார். பொழுது சாய்ந்ததும் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் பரிமாறினார் சின்னப்பொண்ணு, அதே கூறைச் சேலையில். "இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?" என்றார். தலை நிமிராமல் சாப்பிட்டேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை எடுத்தேன், சோற்றோடு இறங்கிவிட்டது.

விடிந்து நான் கிளம்பும்போது சின்னப்பொண்ணு சுவரில் செம்மண் பூசிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

படம் அருமையாக வந்திருந்தது. "இதுதானப்பா மலை வீடு!" என்று ஆர்ட் டைரக்டர் முதுகில் தட்டி, செட்டை எனக்கே கொடுத்தார். அது யார் பூசிய கரி என்று நான் சொல்லவில்லை.

முன்பு அக்காள் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுக்கும் போட்டோக்காரர் வந்தார். அதற்காகவே அம்மா ஒரு வாரம் வெள்ளையடிக்க வைத்தாள். அவர் அந்தச் சுவரில் கரிக்கையை வைத்திருந்தால், தெருமுனை வரை விளக்குமாற்றால் விரட்டியிருப்பாள். எனக்கோ சித்தேரியில் இரண்டாவது தடவையும் சோறு போட்டார்கள்.