பேசாமல் இருக்க ஒரு வீடியோ கால்

எம்.ஏ. வரலாறு கடைசிப் பருவத்தில் ஆளுக்கொரு ஆய்வேடு எழுத வேண்டியிருந்தது. நான் திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலின் விதான ஓவியங்களை எடுத்துக்கொண்டேன். சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கோயில் பக்கம் என்பதுதான் முதல் காரணம். போய், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, குறிப்பெடுத்துக்கொண்டு வந்தேன். அதன் பிறகு ஒரு வரி எழுதவில்லை.

நேரமே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழுப் பொய்யும் இல்லை. காலையில் கல்லூரி பஸ், மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன், முகூர்த்த மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பட்டுக்கடையில் பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து வைக்கும் வேலை. ஆனால் இடையில் கிடைத்த நேரத்திலும் நான் எழுதவில்லை. லேப்டாப்பைத் திறந்தால் எழுத்துரு நன்றாக இல்லை என்று தோன்றும். வேறொன்றைத் தேடிப் பிடித்து, தலைப்பைச் சின்னதாகவும் பெரியதாகவும் அடித்துப் பார்ப்பேன். அதற்குள் அலமாரி கலைந்து கிடப்பது கண்ணில் படும். "எம் பொண்ணு படிக்க உக்காந்தா போதும், வீடு பளபளன்னு ஆயிடும்" என்று என் அம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள் ஓரிக்கைக்காரி. அவளுடைய தலைப்பு ஏரிப் பாசனம். எங்கள் நெறியாளர் மேடம் ஒருநாள் எங்களை வராந்தாவில் நிறுத்தி, "முதல் இயல எப்ப குடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். இருவரும் ஒரே குரலில் "அடுத்த வாரம் மேடம்" என்றோம். மேடம் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நீ எவ்ளோ எழுதியிருக்க?"

"தலைப்பு. நீ?"

"நான் தலைப்பையே மாத்தலாமான்னு யோசிச்சிக்கினு இருக்கேன்டி."

முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். எல்லோரும் எழுதிக்கொண்டிருக்க நான் மட்டும்தான் இப்படி என்று அவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அவளும் அப்படியே நினைத்திருந்தாளாம்.

யோசனை அவளுடையதுதான். "காலையில வீடியோ கால் போட்டுக்கலாம். பேசக்கூடாது. நீ எழுதறத நான் பாப்பேன், நான் எழுதறத நீ பாரு. எந்திரிச்சா மாட்டிக்குவோம்."

மறுநாள் விடிந்ததும் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் எண்ணெய் வழியும் முகத்தோடு அவள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. முதல் நாள் சிரிப்பை அடக்குவதிலேயே போய்விட்டது. அடுத்த நாள், "நகத்த கடிக்காத, அசிங்கமா இருக்குது" என்று அவள் விதியை மீறினாள். அதற்கடுத்த நாள் வேறு வழியில்லாமல் நான் ஒரு வாக்கியம் அடித்தேன். 'இக்கோயில் காஞ்சிபுரத்திற்கு அருகில் உள்ளது.' அவ்வளவு மொக்கையான வாக்கியத்தை எழுதவா இத்தனை மாதம் பயந்தேன் என்று தோன்றியது. அதற்குக் கீழே இன்னொன்று எழுதினேன். எழுந்து போக ஆசையாகத்தான் இருந்தது. அவள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் எழுந்தால் அவளை விட்டுவிட்டுப் போவதுபோல் இருந்தது.

அவள் பக்கத்திலிருந்து எப்போதும் ராட்டைச் சத்தம் வரும். அவளுடைய அப்பா தறி நெய்பவர். அவருக்காக அவள் அம்மா காலையிலேயே கூடத்தில் உட்கார்ந்து ராட்டையில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவார்கள். அந்த அம்மாவுக்கு எங்கள் ஏற்பாடு சுத்தமாகப் பிடிபடவில்லை.

"ரெண்டு பேரும் வாயத் தொறக்காம மூஞ்சிய பாத்துக்கினு இருக்கறதுக்கு எதுக்குடி போனு?" என்பார்கள். பிறகு திரைக்குள் எட்டிப் பார்த்து, "சாப்ட்டியாமா?" என்று என்னைக் கேட்பார்கள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். "இன்னும் இல்லம்மா" என்பேன். "பாரு, கொலப் பட்டினியா உக்கார வெச்சிருக்கா" என்று மகளுக்குத் திட்டு விழும்.

இப்படியே எனக்கு முதல் இயல் முடிந்தது. அவளுக்கும் முடிகிற நேரத்தில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். மூட்டுக்கு மூட்டு வலி, விரல்களெல்லாம் வீக்கம். நான் போன் செய்தபோது முனகலாக இரண்டு வார்த்தை பேசினாள்.

காலையில் கால் வரவில்லை என்றதும் நான் பழையபடி ஆகிவிட்டேன். இரண்டாவது இயலைத் தொடங்குவதற்கு முன் புத்தகங்களுக்கு அட்டை போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றி, கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அப்போது வீடியோ கால் வந்தது. எடுத்தால் திரை முழுக்க ஒரு நெற்றியும் குங்குமமும்தான் தெரிந்தன.

"தெரியறனாமா? நான்தான் அம்மா."

"போன கொஞ்சம் தள்ளிப் புடிங்கம்மா. அவளுக்கு எப்படி இருக்குது?"

"தூங்கறா. நைட்டெல்லாம் உன்னப் பத்திதான் பொலம்பல். நான் இல்லன்னா அவ எழுத மாட்டா, நீ போயி அவள பாத்துக்கோன்னு ஒரே தொந்தரவு. நீ எழுதும்மா, நான் பாத்துக்கினு இருக்கேன்."

கத்தரிக்கோலைப் பாய்க்கு அடியில் தள்ளினேன்.

போனை எதன் மேலேயோ சாய்த்து வைத்துவிட்டு அம்மா ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தார்கள். பின்னால் என் தோழி போர்வைக்குள் ஒரு மூட்டையாகத் தெரிந்தாள். நான் எழுதினேன். கொஞ்ச நேரத்தில், "என்னா எழுதற, படி கேப்போம்" என்றார்கள். விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறு வரிசை வரிசையாக வரையப்பட்டிருப்பதைப் பற்றி ஒரு பத்தி படித்தேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் புரியலமா. ஆனா நல்லாத்தான் இருக்கும் போல. எழுது" என்றார்கள்.

மகளைப் போல அவர்கள் பேசாமல் இருக்கவில்லை. எதிர் வீட்டுக்காரி தண்ணீர் பிடிக்கிற இடத்தில் போட்ட சண்டையை முழுக்கச் சொன்னார்கள். சில நாள் ராட்டையில் கை வைத்தபடியே தூங்கி விழுந்தார்கள். ஆனால் நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் மட்டும் எப்படியோ கண்டுபிடித்து, போர்வைப் பக்கம் திரும்பி, "எந்திரிச்சிட்டாடி!" என்று கத்துவார்கள். போர்வைக்குள்ளிருந்து, "உக்காரச் சொல்லு" என்று பதில் வரும். இரண்டாவது இயலை அப்படித்தான் எழுதினேன்.

காய்ச்சல் விட்ட பிறகும் அவள் கல்லூரிக்கு வரவில்லை. போனில் குரலே சரியில்லை. "விரல மடக்க முடியலடி. நான் அடுத்த வருஷம் எழுதிக்கறேன். நீ முடிச்சிடு" என்றாள்.

அடுத்த வருஷம் என்ற வார்த்தையை நான் நம்பவில்லை. எத்தனை அடுத்த வாரங்களைச் சேர்ந்தே பார்த்தவர்கள் நாங்கள்! அன்று டியூஷன் பிள்ளைகளுக்கு லீவு விட்டுவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஓரிக்கைக்குப் போனேன். அவ்வளவு காலமும் திரையில் பார்த்த கூடத்துக்குள் அன்றுதான் முதல்முறை நுழைந்தேன். நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. அம்மா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "போன்ல குண்டா தெரிஞ்சியே" என்றார்கள்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள்.

"சொல்லு, நான் அடிக்கறேன்" என்றேன்.

"என்னத்த சொல்றது?"

"உங்க ஊரு ஏரித் தண்ணி எப்படி வயலுக்குப் போவுது, அத சொல்லு."

முதலில் முரண்டு பிடித்தாள். பிறகு மதகில் தொடங்கி, கால்வாய் எங்கே பிரியும், யார் வயலுக்கு முதலில் பாயும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். நான் நிறுத்தாமல் அடித்தேன். உள்ளே தறியில் இருந்த அவள் அப்பா நெய்வதை நிறுத்திவிட்டு, "அந்தக் கால்வாய் இப்ப இல்லமா, மேல வீடு கட்டிட்டாங்க" என்றார். "அதையும் போடு" என்றாள் அவள். பேச்சை ஆய்வேட்டின் நடைக்கு மாற்றுவது மட்டும்தான் எனக்கு வேலையாக இருந்தது. அதற்குப் பிறகு டியூஷன் முடிந்ததும் பல நாள் போனேன். மேடத்திடமும் நேரில் போய் நடந்ததைச் சொன்னோம். அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் கொடுத்தார். "ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார விடக்கூடாதுன்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

நான் முதலில் கொடுத்தேன், அவள் பின்னால் கொடுத்தாள். வாய்மொழித் தேர்வு மட்டும் இருவருக்கும் ஒரே நாளில் அமைந்தது. முடித்துவிட்டு நேராக ஓரிக்கைக்குப் போனோம். அம்மா வடை பாயசத்தோடு சமைத்து வைத்திருந்தார்கள். எனக்கு மூன்றாவது முறை பாயசம் ஊற்றினார்கள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் கூடத்தில் பாயை விரித்து மூன்று பேரும் ஃபேனுக்கு அடியில் படுத்தோம். "பாத்திரம் கெடக்குது" என்று தோழி எழப் பார்த்தாள். "அப்பறம் பாத்துக்கலாம், படு" என்று அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். இருட்டும் வரை தூங்கினோம்.