எல்லாக் கல்லும் கணீரென்றது

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின ஆடி மாதம் என் இடது காதுக்குள் ஒரு சத்தம் புகுந்துகொண்டது.

அம்பத்தூர் ஏரிக்கு மேற்கே இருந்த செங்கல் சூளையில் எனக்குக் கல் பார்க்கும் வேலை. இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவேன். கணீரென்றால் வெந்த கல், வண்டிக்குப் போகும். டொக்கென்றால் அரைவேக்காடு, ஒதுக்கிவிடுவேன். மூன்றாவது வகுப்போடு பள்ளியை விட்டவனுக்கு மண் சுமக்காமல் சோறு போட்டது அந்தக் காதுதான்.

அம்மன் கோயில் திருவிழாவுக்கு வேட்டுக்காரர்கள் எங்கள் சூளையில்தான் செங்கல் பொடி வாங்குவார்கள். இரும்புக் குழாயில் மருந்தைப் போட்டு, மேலே பொடியை வைத்து இடித்து இறுக்குவார்கள். அந்த வருஷம் பொடிக் கூடையை நான் கொண்டுபோனேன். கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போயிருக்கலாம். பெண்கள் நிறையப் பேர் நின்றார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. குழாய்களுக்குப் பக்கத்திலேயே ஒதுங்கி நின்றேன். அம்மன் புறப்பட்டாள். நாலடி தூரத்தில் வேட்டு வெடித்தது.

அன்றிலிருந்து காதில் ஓயாமல் மணி. சாப்பிட்டாலும் மணி, சும்மா இருந்தாலும் மணி. என் பெண்சாதி பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். காது எரிந்தது, மணி நிற்கவில்லை. பூந்தமல்லிக்கு நடந்து போய் டாக்டரிடம் காட்டினேன். எண்ணெய் விடாதே, வேட்டுப் பக்கம் போகாதே, தானாகக் குறைந்தால் உண்டு என்றார். இதைச் சொல்லவா அத்தனை தூரம் நடக்க வைத்தார் என்று ஆத்திரமாக வந்தது. அவரிடம் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சூளையிலும் சொல்லவில்லை. கல்லைத் தட்டினால் எது கல்லின் சத்தம், எது என் காதின் சத்தம் என்று தெரியவில்லை. எந்தக் கல்லைத் தட்டினாலும் கணீரென்றது. எல்லாவற்றையும் வண்டிக்கு விட்டேன்.

ஐப்பசி மழையில் விஷயம் வெளியே வந்தது. கொரட்டூரில் ஒரு கிணற்றுக்கு எங்கள் கல்லை வைத்துக் கட்டியிருந்தார்கள். எங்கள் சூளை மேஸ்திரி, என்னைவிடச் சின்னவர், அங்கிருந்து ஒரு கல்லை வாழை இலையில் வைத்துக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். விரலால் அமுக்கினார். குழைந்தது.

"இன்னா அண்ணாத்தே இது? கல்லா, களியா? கொழம்பு ஊத்தித் துன்னலாம் போலக் கீதே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அந்தக் கல்லை இலையோடு வாங்கி ஓரமாக வைத்தேன். மறுநாள் என்னை மண் வெட்டப் போட்டார்கள்.

என் பெண்சாதிக்குப் பொறுக்கவில்லை. நேரே போய் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாள். அவர் என்னிடம் வந்தார்.

"மூணு மாசமா காதுல மணி அடிக்குதாம். வாய்ல இன்னா, வேட்டு மருந்தா அடச்சி வச்சிகினு கீற?"

நான் மண்வெட்டியை ஓங்கி மண்ணில் போட்டேன். கோபம் அவர்மேல் இல்லை. என்மேல்தான்.

கார்த்திகை, மார்கழி, தை. மண் சுமந்து தோள் தடித்தது. தினமும் சாப்பாட்டு வேளையில் இரண்டு கல்லை எடுத்துத் தட்டிப் பார்ப்பேன். கணீர். வேண்டுமென்றே வேகாத கல்லை எடுத்துத் தட்டுவேன். அதுவும் கணீர். கல்லை வீசி எறிந்துவிட்டுப் போவேன்.

மாசியில் ஒரு நாள் மத்தியானம் தட்டினேன். டொக். நம்பாமல் மறுபடியும் தட்டினேன். டொக். இத்தனை வருஷத்தில் ஒரு கெட்ட கல்லின் சத்தம் அவ்வளவு இதமாக என் காதில் விழுந்ததில்லை. அதைத் தூக்கிக்கொண்டு மேஸ்திரியிடம் போனேன்.

"இது வேகல."

"சூளைல வேகாத கல்லுக்கா பஞ்சம்? அதுக்கு இன்னா?" என்றவர், சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். முதுகுக்குப் பின்னால் தட்டினார்.

"இது?"

"வெந்தது."

"இது?"

"வேகல."

ஏழெட்டு முறை தட்டினார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நாளைக்கு வண்டியாண்ட வந்துடு."

சரியென்று இரண்டடி நடந்தேன். மனம் கேட்கவில்லை. திரும்பி வந்தேன்.

"மணி இன்னும் கொஞ்சம் அடிச்சிகினுதான் கீது."

அவர் கல்லைக் கீழே போட்டார்.

"அப்ப ஒவ்வொண்ணையும் ரெண்டு தரம் தட்டு."