பம்புக்கு முன்னால் ஒரு வடிகட்டி

காயல்பட்டினத்து ஜவுளி வியாபாரி ஒருவரிடம் பல வருஷம் கார் ஓட்டினேன். அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன். அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள். கார் அவருடைய வாப்பா காலத்துப் பெட்ரோல் வண்டி. வாரம் ஒருமுறை திருநெல்வேலி டவுனில் இருந்த கடைக்குப் போவோம். அவர் பின்சீட்டில் இருப்பார். யாராவது கேட்டால்தான் நான் பேசுவேன். கேட்டாலும் அதிகம் வராது.

டேங்கின் உட்பக்கம் துருப்பிடித்திருந்தது. பெட்ரோல் வடிகட்டியோ முன்னால், எஞ்சினை ஒட்டி, பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருந்தது. துரு பம்பு வரைக்கும் வந்து, வடிகட்டியையும் அடைத்துவிடும். கருங்குளம் தாண்டியதும் வண்டி இருமி நின்றுபோகும். சூடு ஆறும்வரை காத்திருந்து, வடிகட்டியின் கண்ணாடிக் குப்பியைக் கழற்றுவேன். அடியில் மிளகாய்ப்பொடி போலத் துரு கிடக்கும். கழுவி மாட்டுவேன்.

அப்போதெல்லாம் காக்கா இறங்கி என் பக்கத்தில் வந்து நிற்பார்.

"என்ன வே, இன்னைக்கும் குடிச்சது செரிக்கலியா இவனுக்கு?"

"வயசாயிட்டுல்லா காக்கா."

"எனக்குந்தாம்வே ஆயிட்டு. என்னைய யாரு கழுவி மாட்டுதது?"

மனைவி இறந்துபோனதையும், துபாயில் இருக்கும் மகன் போனை எடுக்காததையும் அங்கே நின்றுதான் சொன்னார். எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளை இல்லாத வருத்தத்தை நான் வாய்விட்டுச் சொன்னதும் அவரிடம் மட்டும்தான். வண்டி நிற்கும் நாளில்தான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

பாளையங்கோட்டை மெக்கானிக் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "பம்பு குப்பையக் குடிச்ச பொறவு வடிகட்டி என்னத்துக்குவே? பின்னால டேங்க் பக்கத்துல, சைலன்சர் சூடு படாம இன்னொண்ணு மாட்டும்."

காக்காவிடம் சொன்னேன். "இருக்கது இருக்கட்டுமே," என்றார். செலவுக்கு யோசிக்கிறார் என்று நினைத்தேன். நானே வாங்கி, அவ்வப்போது மாற்றக் கை எட்டுகிற இடமாகப் பார்த்து, அதிலுள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கும்படி மாட்டினேன். நல்ல வேலைதான். அதற்குப் பிறகு வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை.

கருங்குளம் வரும், போகும். பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தால் காக்கா வாழைத்தோட்டங்களைப் பார்த்தபடி இருப்பார். எதையாவது கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வரும். ஓட்டிக்கொண்டே முதலாளியிடம் பேச்சுக் கொடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவரும் பேசவில்லை.

கடைசியில் மகன் கூப்பிட்டான், துபாய்க்கே வந்துவிடச் சொல்லி. கடையை முடித்துவிட்டார். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோனேன். ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைகள் தெரிந்தன.

"பைய போம் வே," என்றார். வேகத்தைக் குறைத்தேன்.

கொஞ்சம் கழித்து, "இங்கன காத்து நல்லா வீசுது, என்ன?" என்றார்.

"ஆமா காக்கா. கண்ணாடிய ஏத்திரட்டா?"

அவர் சாலையோரத்தைப் பார்த்தார். பிறகு, "ஏத்தும்," என்றார்.

நிறுத்தச் சொல்ல அவருக்கும் கூச்சமாக இருந்திருக்கும் என்பது, இத்தனை வருஷம் கூச்சத்தோடேயே வாழ்கிற எனக்கு அப்போது தோன்றவில்லை.

விமான நிலையத்தில் இறங்கியவர் முன்பக்கம் போய் பானெட்டின் மேல் கை வைத்தார்.

"ஏலே, இன்னைக்காவது நின்னுருக்கலாம்லா," என்று காரிடம் சொன்னார்.

நான் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன்.